காதுப் பேனாவும் இஸ்திரிப் பெட்டியும்

காது கேளாதவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்பது ஒரு காரணம். ஆளைப் பார்த்ததும் கண்ணில் எது முதலில் படுகிறதோ அதைக் கையால் செய்து காட்டுவார்கள். அன்றிலிருந்து அதுதான் அந்த ஆள். மூக்கில் மச்சம் இருந்தால் மச்சம், நொண்டி நடந்தால் நொண்டி. பெற்றவர்கள் நல்ல நாள் பார்த்து வைத்த பெயர் பள்ளிப் பதிவேட்டோடு நின்றுவிடும்.

எனக்கு அவர்கள் வைத்த முதல் பெயர், வலது காதுமடலின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு செருகு. காதில் பேனா. கேட்கிற காது ஒன்று கிடைத்தும் இந்த மனிதர் அதைப் பேனா வைக்கப் பயன்படுத்துகிறாரே என்று அவர்களுக்கு ஒரு வேடிக்கை இருந்திருக்கலாம். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் நான் எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது பெயரும் ஒன்று உண்டு. அது எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளில், கிருஷ்ணகிரிக்கு வெளியே காது கேளாத குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். பஸ் அங்கே நின்றால் கண்டக்டர் "ஊமை ஸ்கூல்லாம் எறங்கு" என்று தொண்டை கிழியக் கத்துவார். இறங்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு அது கேட்காது என்று எந்தக் கண்டக்டருக்கும் தோன்றியதில்லை. டைப் அடிப்பதில் எனக்கு வேகம் கிடையாது. எனக்கு வேலை கிடைத்தது மூன்று மொழி தெரிந்ததால். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் அழுது, தமிழில் கைநாட்டு வைப்பார்கள். எனக்கு மூன்றும் தெரியும். அதாவது மூன்றிலும் தப்பாகப் பேசினாலும் யாரும் கோபித்துக்கொள்ளாத அளவுக்குத் தெரியும்.

அதோடு நிறையப் படித்தவன் என்று ஒரு பெயரும் இருந்தது. மலிவு விலையில் ருஷ்ய நாவல்கள் கிடைத்த காலம் அது. அவற்றில் எல்லோரும் எல்லோரிடமும் பக்கம் பக்கமாக மனம் விட்டுப் பேசுவார்கள். படித்துப் படித்து, பேசிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியையும் அதையேதான் நம்பினார், வேறு விதமாக. அவர் மெட்ராஸில் பயிற்சி பெற்றவர். நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு யாராவது அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக்கூடும். விடுதிப் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் ஆயாவை நம்பாமல் தானே உட்கார்ந்து மருந்து போடுகிறவர். ஆனால் கை பேசினால் வாய் செத்துவிடும் என்பது அவருக்கு வேதம்.

"கைய வுட்டோம்னா புள்ளைங்க சுலபமா அதுலயே போயிடும் சார். அப்பறம் வாய் எதுக்கு, சோறு திங்கவா?" என்பார்.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் விரல் கோத்து இரண்டு கையையும் டெஸ்க் மேல் வைத்திருக்க வேண்டும். 'ப' சொல்லிக்கொடுக்க மெழுகுவத்தி. சரியாகச் சொன்னால் சுடர் ஆடும். 'ம' சொல்லிக்கொடுக்க ஆசிரியையின் தொண்டையில் பிள்ளையின் கையை வைத்து அதிர்வைக் காட்டுவார்கள். மார்பில் துணிப்பைக்குள் காது மிஷின் தொங்கும். பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். எட்டு வருடம் பாடுபட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அப்பா, பால், பழம், பஸ், வணக்கம், நன்றி எல்லாம் சொல்லிவிடுவார்கள். இந்த ஆறு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன வாழ்க்கை நடத்துவது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அங்கே கேட்கிற வேலை இல்லை, டைப் அடிக்கிற வேலை.

என் மேசைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தட்டுக் கழுவும் குழாயடி. வகுப்பறையில் கட்டிப்போட்ட கைகளெல்லாம் அங்கே அவிழ்ந்துவிடும். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்கள், வாயில் சோற்றோடு பேசுவார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டித் திருப்பி வைத்துச் சண்டை போடுவார்கள். இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே ஹாஜர் பட்டியல் அடித்ததில் எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. முதன்முதலில் முழுசாகப் புரிந்தது ஒரு பெண் என் நடையைச் செய்து காட்டியது. நன்றாகவே செய்தாள்.

எனக்குச் சைகை தெரியும் என்று தெரிந்ததும் தலைமை ஆசிரியை பதறவில்லை. "உங்களுக்குக் காது கேக்குது சார், நீங்க கெட்டுப்போக மாட்டீங்க" என்றார். பழைய மாணவர்கள் ஏதாவது படிவத்தோடு வந்தால் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைப்பார். அந்த வேலைக்கு அப்போது எங்கள் பள்ளியில் பதவி கிடையாது. மாவட்டத்திலேயே கிடையாது என்றுதான் நினைக்கிறேன். கிடையாத பதவியில் இருப்பவனுக்குச் செய்யக்கூடாதது இன்னது என்று சொல்லித்தரவும் ஆள் கிடையாது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கல்லாவிச் சந்தையில் பாத்திரக் கடை போடும் ஒரு பாயின் மகள். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை மேலே தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். குழாயடியில் அவள் பெயரும் அதுதான்: வளையலைத் தள்ளும் ஒரு தள்ளு. அவள் வளையலைத் தள்ளினால் நாலு பேர் தட்டை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அறிவியல் புத்தகத்தோடு ஜன்னலுக்கு வந்தாள். 'ஆவியாதல்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். எனக்கு அறிவியல் எட்டாம் வகுப்பிலேயே கைவிட்டுப்போன உறவு. இருந்தாலும் ஈரத் துணி, கல், வெயில், கொஞ்ச நேரம், தண்ணீர் எங்கே, மேலே போயிற்று என்று கையால் காட்டினேன்.

அவள் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

'இவ்வளவுதானா?' என்றாள் கையில். 'டீச்சர் மூன்று நாள் வாயைத் திறந்து மூடினார்.'

அன்றிலிருந்து இடைவேளைகளில் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எல்லாத் தப்பும் அந்தப் பெருமையிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்த வருடக் கடைசியில் தருமபுரியிலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகக் கடிதம் வந்தது. பள்ளிக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புகள் தரலாமா என்று பார்த்து முடிவு செய்வார். அதுவரை எங்களிடம் எட்டோடு சரி. பாய் மகளைப் பார்க்க வந்தபோது என்னிடம் தெளிவாகவே சொன்னார்.

"எட்டோட முடிஞ்சா கூட்டிக்கினு போயிடுவேன் சார். மாப்பிள்ளை பாக்கச் சொல்லி வூட்ல நச்சரிப்பு. ஒம்பதாவது வந்துச்சுன்னா படிக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அவளுக்குப் படிக்க ஆசைங்க பாய்."

"அது தெரியும் சார். கடைக்கு வந்தா பேப்பர்ல மடிச்ச பொட்டலத்தப் பிரிச்சு வெச்சுக்கினு படிக்குது. பொட்டலம் கட்டிக் குடுத்தா கஸ்டமர் கைக்குப் போறதுக்குள்ள பேப்பர் இருக்காது."

அந்த வாரம் பிரதி எடுக்கிற ஸ்டென்சில் தாள் வாங்க ஓசூர் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் பஸ் நிலையத்தில், டீக்கடையை ஒட்டிய தூணடியில், பதினைந்து இருபது பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சத்தமே வராத அந்தக் கூட்டத்தில்தான் நிலையத்திலேயே பெரிய சண்டைகளும் சிரிப்பும் நடக்கும். எல்லோரும் காது கேளாதவர்கள். இந்தப் பக்கம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்த தையல்காரர்கள். வாயால் பேசுகிற நாங்கள் எல்லையைத் தாண்டினால் மொழி மாற்ற வேண்டும். இவர்கள் கைகளுக்குச் செக்போஸ்ட் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் உண்டு. என் வயதுதான். பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற வேலை. அங்கே இரைச்சல் தாங்காது என்று மற்றவர்கள் ஓடிவிட, "காது கேக்காதவனுக்கு இன்னா கெடுதல்?" என்று சூப்பர்வைசர் இவரைத் தேடி எடுத்துக்கொண்டாராம். வாழ்க்கையில் காதினால் தனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று சொல்லிச் சிரிப்பார். என்னைப் பார்த்ததும் காதில் ஒரு செருகுச் செருகிக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார்.

அதிகாரி வரும் செய்தி அவர்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. என்ன கேட்பது என்றும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வேண்டும். ஆனால் டீச்சர் பக்கத்தில் ஓர் ஆள் நின்று பாடத்தைக் கையில் சொல்ல வேண்டும். அப்படியில்லாத ஒன்பதாவது, எட்டாவதின் இன்னொரு வருடம்தான். ஆள் இல்லையென்றால் அவர்களே முறை வைத்து வந்து நிற்பார்கள். கேட்பது யார்? வளையல்.

மறுவாரம் பெற்றோர் வருகிற நாளில், தகடு அடிக்கிற அந்தப் பிரஸ்காரர் எங்கள் பள்ளிக் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அந்தப் பெண் இந்தக் கோடியில் வராந்தாவில் நின்றாள். நடுவே நூறடி மைதானம். அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். தலைமை ஆசிரியை அந்தப் பேச்சின் குறுக்கே இரண்டு முறை நடந்துபோனார், ஒன்றும் தெரியாமல், குடை பிடித்துக்கொண்டு.

கடைசியில் பிரஸ்காரர் கம்பிக்கு வெளியிலிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டார்: 'அவள் சொல்வதை அப்படியே சொல்வாயா? கூட்டாமல், குறைக்காமல்?'

நான் உள்ளங்கை மேல் உள்ளங்கையை அறைந்து சத்தியம் செய்தேன். சத்தமும் வந்தது. அவருக்கு அது பயன்படவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார். மோசமான மனிதர் என்று சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுக்கோளாறு போலிருந்தது, அடிக்கடி சீரகத் தண்ணீர் கேட்டார். காலையிலேயே தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

"சார், பேச்சு வரல, கைதான் வருதுன்னு அவர் கண்ணுல பட்டுச்சுன்னா முடிஞ்சுது. எட்டு வருஷம் இன்னா கிழிச்சீங்கன்னு கேப்பாரு. ஒம்பதாவது போச்சு. அந்தப் புள்ளைங்க வூட்டுக்குப் போகவேண்டியதுதான்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படித்தவன் இல்லையா, புரிந்துகொண்டேன்.

வகுப்பறையில் அதிகாரி, தலைமை ஆசிரியை, கதவோரம் பாய், அந்தப் பெண், நான். அவள் எழுந்து நின்று, பழகிய குரலில், "வ-ணக்-கம் ஐயா" என்றாள். அதிகாரி முகம் மலர்ந்தது. மெழுகுவத்தி வைத்துப் 'ப' சொல்லிக் காட்டினாள். சுடர் ஆடியது.

"பலே. மேல படிக்க ஆசையாம்மா?"

அவள் வளையல்களை முழங்கை வரை தள்ளினாள்.

அவள் சொன்னது இது. எத்தனை வருடமானாலும் எனக்கு மறக்காது, ஏனென்றால் என் வாயிலிருந்து வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது: 'எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். டீச்சர் வாய் குளத்து மீன் வாய் போலத் திறந்து மூடுகிறது. போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. பாஸ் போடுகிறார்கள். எனக்கு ஒன்பதாவது வேண்டும். வாய் மட்டும் உள்ள ஒன்பதாவது வேண்டாம். கையில் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓசூரில் ஆட்கள் இருக்கிறார்கள். வந்து நிற்பார்கள்.'

தலைமை ஆசிரியைக்குச் சைகை தெரியாது. ஆனால் மீன் வாய் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனார்.

"என்னா சொல்லுது பொண்ணு?" என்றார் அதிகாரி.

கதவோரம் நின்ற பாயைப் பார்த்தேன். முதலில் ஒன்பதாவது வரட்டும், கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் அது ராஜதந்திரமாகவே தெரிந்தது.

"எட்டு வருஷமா டீச்சருங்க பட்ட சிரமத்துக்கு நன்றி சொல்லுதுங்க ஐயா. ஒம்பதாவது வேணும்னு கேக்குது. கூடவே ஒத்தாசைக்கு இன்னொரு டீச்சர் இருந்தா நல்லதுங்குது."

"இத்தனைய ஆட்டினதுக்கு அவ்வளவுதானா?"

"சைகையில கொஞ்சம் நீளமா வருங்க."

"அதாங்க. இதுக்குத்தான் கைய வுடக் கூடாதுங்கறது" என்று அதிகாரி தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்தில் அந்தப் பள்ளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆறு வார்த்தையில் ஒன்று 'நன்றி'. அந்த வார்த்தைக்கு உதடு எப்படிப் போகும் என்று கண்ணாடி முன்னால் நிறுத்தி வாரா வாரம் பழக்கியிருந்தார்கள். அதை என் உதட்டில் பார்த்தாள். அவள் கைகள் நன்றி சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முழங்கையிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டு, விரல்களைக் கோத்து டெஸ்க் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு கிடைத்தது. உத்தரவில் ஒரு வாசகமும் சேர்ந்து வந்தது. பேச்சுப் பயிற்சியின் சிறப்பையும், அதற்கு மாணவியரே தெரிவித்த நன்றியையும் கருத்தில் கொண்டு அனுமதி தரப்படுகிறது. இந்தச் சிறப்பு குன்றாதிருக்கப் புதிய வகுப்புகளில் எந்த வகையிலும் சைகை இடம்பெறக் கூடாது. நான் சொன்ன பொய்யை அரசாங்கத் தமிழில் படிக்கும்போது இன்னும் கம்பீரமாக இருந்தது. அதை ஸ்டென்சிலில் அடித்து, உருட்டிப் பிரதி எடுத்து, ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பசை போட்டு ஒட்டும் வேலையும் என்னுடையதே. குழாயடியிலும் ஒன்று ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

அவள் ஒன்பதாவதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வரவில்லை. நானே ஒருமுறை பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். காட்டிவிட்டுத் தட்டைக் கழுவினாள். அரைப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் போர்டில் பார்த்ததை அப்படியே எழுதி வைத்திருந்தாள். கேள்விகளையும் சேர்த்து.

மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் பாய் வந்துவிட்டார்.

"ஒண்ணும் புரியலயாம் சார். லெட்டர் எழுதியிருக்குது. புரியாததுக்கு இன்னாத்துக்கு சார் ஒம்பதாவது?" கோபம் இல்லாமல்தான் கேட்டார். "நீங்க சொல்லிப் பாருங்க. உங்க கையின்னா அதுக்குப் புரியும். இன்னும் ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு இருன்னு சொல்லுங்க. நான் சொன்னா எனக்கு சோறு, தண்ணி, வா, போவுக்கு மேல கையி வராது."

பெற்ற மகளோடு நாலு வார்த்தைதான் பேச முடிகிறது என்று ஒரு மனிதர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவள் முன்னால் போய் நின்று கையைத் தூக்கினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேட்கிறவர்களுக்கு இது விளங்காது. நாம் காதைப் பொத்திக்கொண்டாலும் பாதி கேட்கும். அவர்கள் கண்ணை மூடினால் உலகத்தில் உன் பேச்சே கிடையாது. கதவைச் சாத்தித் தாழ் போட்டு, தாழ் போட்டதையும் உன் முகத்துக்கு நேரே போட்டது போல. தூக்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, காதிலிருந்த பேனாவை எடுத்து மாற்றுச் சான்றிதழ் எழுதினேன்.

"இன்னா சார், ஒண்ணும் சொல்லலியா?" என்றார் பாய்.

"போறேன்னு சொல்லுதுங்க" என்றேன். அதுகூட அவள் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் நான் ஓசூர் பக்கம் போகவில்லை. போனபோது, தூணடியில் புதிதாக ஒருவர் நின்றிருந்தார். பிரஸ்காரர் என்னைக் காட்டி அவருக்குச் சொன்னார். காதில் செருகுவார் என்று பார்த்தேன். அவர் இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வலது கையை முட்டியாகப் பிடித்து, முன்னும் பின்னும் தேய்த்தார். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி தேய்த்தார். இஸ்திரி. கரிப் பெட்டியால் சட்டையைத் தேய்க்கிற ஆள். அவர்கள் கொடுத்த பேச்சிலிருந்த சுருக்கம் மடிப்பெல்லாம் எடுத்துத் துரைமார் போட்டுக்கொள்ளத் தோதாக ஆக்கித் தருகிறவன். புதியவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். நூறு பக்கம் எழுதினாலும் நான் என்னைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதியிருக்க மாட்டேன்.

பெயரை மாற்றச் சொல்லி அவர்களிடம் மனுப் போட முடியாது. அங்கே அப்படி ஓர் அலுவலகம் இல்லை.

தொண்ணூறுகளில் பள்ளி வேலையை விட்டுவிட்டு ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு அத்திப்பள்ளித் தையல்காரர் ஒருவரோடு கல்யாணம் ஆகியிருந்தது. அவருக்கும் காது கேட்காது. அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு நன்றாகக் கேட்கும். ஓசூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஸ்காரர் என்னைத் தேடி வந்தார்.

'பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். பேச ஆள் வேண்டும். உன்னைக் கூப்பிடச் சொன்னாள்.'

'என்னையா?'

'வேறு ஆள் இல்லை' என்றார், ஒளிவுமறைவில்லாமல். 'ஒரு நிபந்தனை. நீ ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். வெளிச்சம் உன் முகத்தில் விழ வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்து உன் வாயைப் பார்ப்பாள்.'

எங்கள் பழைய பள்ளி அவளுக்கு எட்டு வருடம் கற்றுக்கொடுத்த வாய்பார்க்கும் வித்தை, கடைசியில் என்னைக் காவல் காக்கப் பயன்பட்டது.

முதல்வர் அறையில் நாற்காலிகளைச் சத்தத்தோடு இழுத்துப் போட்டு அப்படியே உட்கார்ந்தோம். சூரியன் நேரே என் கண்ணில் அடித்தது. முதல்வர் அம்மாள் இனிமையாகவே ஆரம்பித்தார்.

"சைல்டு ரொம்ப பிரைட் சார். ஆனா க்ளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்குது. எது கேட்டாலும் கைய ஆட்டுது. இப்ப பாருங்க, மத்த புள்ளைங்களும் கத்துக்கிச்சு. தண்ணி வேணும்னா கையி, பாத்ரூம்னா கையி. மிஸ்ஸப் பத்திக் கையில என்னமோ சொல்லிச் சிரிக்குதுங்க, மிஸ் ஒரே அழுகை. வீட்ல மதர் கையில பேசறத ஸ்டாப் பண்ணணும். வாயால பேசச் சொல்லுங்க. ட்ரை பண்ணா வரும்."

அவளிடம் திரும்பினேன். இஸ்திரிப் பெட்டி தானாகவே சூடாகிவிட்டது, பழக்கதோஷம். 'குழந்தை கெட்டிக்காரி, கொஞ்சம் கூடப் பேசினால்...' என்று தொடங்கிய கையை நிறுத்தினேன். அவள் கண் என் மேலேயே இருந்தது. பிறகு முதல்வர் சொன்னதை அப்படியே சொன்னேன். மிஸ் அழுததையும், 'வீட்டில் நீ கையை நிறுத்த வேண்டும், முயற்சி செய்தால் வாய் வரும்' என்பதையும். இந்த வாக்கியத்தை நான் ஸ்டென்சிலில் அடித்து ஒட்டிய நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

அவள் கையில் இப்போது ரப்பர் வளையல். அதையும் முழங்கை வரை தள்ளினாள்.

அவள் சொல்லி முடித்ததும் முதல்வர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"சொன்னபடியே சொல்லணுங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"ஒரு நாளைக்கு உங்க வாயக் கட்டிக்கிட்டு உங்க புள்ளைக்குச் சோறூட்டி, பாட்டுப் பாடி, தூங்க வெச்சுக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா மறுநாளே நான் என் கையக் கட்டிக்கிறேன். மிஸ் அழுதாங்களே, எம்புள்ள என்னா சொல்லுச்சுன்னு அவங்களும் கத்துக்கிட்டா அழ மாட்டாங்க, சிரிச்சிருப்பாங்க. ட்ரை பண்ணா வரும்."

அவள் என் உதடு நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, ஒருமுறை தலையசைத்தாள். கணக்குச் சரி என்பது போல.

முதல்வர் மணியை அடித்தார். ஆயா வந்தாள். குழந்தையின் டிபன் டப்பாவும் ஸ்லேட்டும் வந்தன. அடுத்த வாரம் வந்து டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்றார். இனிமை கொஞ்சமும் குறையவில்லை. அதையும் கூட்டாமல் குறைக்காமல் கையில் சொன்னேன்.

ஆக, பொய் சொன்னபோது ஒன்பதாம் வகுப்பு கிடைத்தது, உண்மை சொன்னபோது டி.சி. கிடைத்தது. இதிலிருந்து ஏதாவது நீதி எடுக்க முடியுமா என்று பல வருடம் பார்த்துவிட்டேன். நான் படித்த நாவல்களில் இப்படியெல்லாம் முடிப்பதில்லை.

பஸ் நிலையம் வரை மூவரும் நடந்தோம். குழந்தை நடுவில். 'நாளைக்கு ஸ்கூல் இல்லையா?' என்று அம்மாவிடம் கையிலும், பதில் வரத் தாமதமானதும் என்னிடம் வாயிலும் கேட்டது. டீக்கடையில் பன் வாங்கிக்கொடுத்தேன்.

ஞாயிறு இல்லாவிட்டாலும், செய்தி கேட்கத் தூணடியில் கூட்டம் காத்திருந்தது. அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல்வரின் புன்னகை, அழுத மிஸ், ஆயா, எல்லோரையும் செய்து காட்டினாள். கூட்டம் சிரித்தது, கோபப்பட்டது, பிரஸ்காரர் தூணை அறைந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, கதையில் என் முறை வரும்போது எந்தப் பெயர் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஒருவனுக்கு இருக்கக்கூடாத ஆவல்.

வந்தது. இடது உள்ளங்கையை விரித்தாள். வலது முட்டியை அதன் மேல் வைத்துத் தேய்த்தாள். அப்புறம் நிறுத்தி, ஒரு விரலால் பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

ஆறிப்போன இஸ்திரிப் பெட்டி.

கூட்டத்தில் ஒவ்வொருவராக அதைச் செய்து பார்த்துக்கொண்டார்கள்: தேய்ப்பு, தொடல், உதட்டுப் பிதுக்கல். அத்திப்பள்ளி பஸ் வந்ததும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். குழந்தை ஜன்னல் வழியாக, பன் ஒட்டிய விரலால், என் பெயரைச் செய்து காட்டியது.